நம்பர் சொன்னால் படம் வரும்

அப்பாவின் ஸ்டுடியோவுக்குப் பழைய படம் கேட்டு வருகிறவர்கள் தேதி சொல்லமாட்டார்கள். "புயல் அடிச்ச வருஷம், அதுக்கு முந்தின ஆடிங்க" என்பார்கள். அப்பா மேசைக்கடியிலிருந்து நீளமான ரெஜிஸ்டரை எடுத்து 1977-ஐப் புரட்டுவார். விரல் இரண்டு பக்கம் ஓடும். "நாலாயிரத்து இருநூத்திப் பதினேழு!" என்று குரல் கொடுப்பார். நான் ஏணியில் ஏறி, அட்டைப் பெட்டியிலிருந்து அந்த எண் எழுதிய பட்டர் பேப்பர் கவரை உருவித் தருவேன். பத்து நிமிடத்துக்குள் நெகட்டிவ் அவர் கையில் இருக்கும்.

அப்படி வருகிறவர்களில் பலர் துக்க வீட்டுக்காரர்கள். போனவருக்குத் தனிப் படம் இருக்காது. கல்யாண குரூப்பில் ஓரமாக நிற்கிற தலையை மட்டும் என்லார்ஜரில் பெரிதாக்கி, பென்சிலால் டச்சிங் செய்து, மாலை போடுகிற அளவுக்குக் கொண்டுவருவார் அப்பா. அதனாலேயே எந்த நெகட்டிவையும் எறியமாட்டார். ஃபிலிமில் இருக்கும் வெள்ளிக்காகப் பழைய நெகட்டிவ்களை எடைக்கு வாங்குகிறவர்கள் ஊர் ஊராக வந்த காலம் அது. எத்தனையோ ஸ்டுடியோக்களின் பெட்டிகள் அப்படித்தான் காலியாயின. அப்பா அவர்களைத் திண்ணையோடு அனுப்பிவிட்டார்.

அன்று ஒரு 120 சுருளில் சதுரப் படம் 12தான். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிமோ, வெளிநாட்டுச் சரக்கோ, எதுவானாலும் எண்ணித்தான் எடுக்க வேண்டும். எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு பெயர், ஒரு வரி.

இன்று அப்பா இல்லை. ஸ்டுடியோவும் இல்லை. பரண் மட்டும் இருக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போலப் புளித்த காடி வாடை. பழைய அசிடேட் ஃபிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது; அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். சூடும் ஈரமும் சேர்ந்த டெல்டாக் காற்று அதற்கு நல்ல தீனி. சுருங்கி நெளிந்தவற்றை முதல் வேலையாகத் தனியே பிரித்தேன். வண்ணப் படங்களில் பல சிவந்துபோயிருந்தன. ஆல்பங்களின் ஓரத்தை வெள்ளிமீன் பூச்சி அரித்திருந்தது.

இப்போது என் மேசையில் லைட் பாக்ஸ், பருத்திக் கையுறை, ஸ்கேனர். பிளாஸ்டிக் உறைகளிலிருந்த நெகட்டிவ்கள் அமிலமில்லாத காகிதத்துக்கு மாறின. ஸ்கேன் செய்ததற்கு மூன்று பிரதி: இரண்டு வீட்டில், வெவ்வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வெளியூரில் தங்கை வீட்டில். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழக ஸ்டுடியோப் படங்களை மின்பிரதி எடுத்ததைக் கேள்விப்பட்ட பிறகுதான் இந்தத் துணிச்சல் வந்தது.

முதல் ஆறு மாதம் செய்த வேலையை நினைத்தால் இன்றும் வெட்கம். ரெஜிஸ்டரைப் பார்க்காமலே ஸ்கேன் செய்துகொண்டு போனேன். ஸ்கேனர் தானாக வைத்த எண்களோடு ஆயிரக்கணக்கான முகங்கள் சேர்ந்தன. எல்லாம் துல்லியம், ஆனால் எந்தப் பெண் எந்த வீட்டுப் பெண் என்று தெரியாது. பத்து நிமிடத்தில் அப்பா எடுத்துத் தந்ததை இரண்டு நாள் தேடியும் என்னால் எடுக்க முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இம்முறை ரெஜிஸ்டரைத் தட்டச்சு செய்த பிறகே நெகட்டிவைத் தொட்டேன். கோப்பின் பெயர் அப்பாவின் எண்தான்.

அழகான படங்களை எல்லாரும் பார்க்கப் போட்டால் என்ன என்று அண்ணன் கேட்டான். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நெகட்டிவ் நம்முடையது, படம் அந்த வீட்டுக்காரர்களுடையது. சட்டம் தெரியாமலே அப்பாவும் அப்படித்தான் நடந்துகொண்டார். அடுத்த வீட்டுப் பெண்ணின் படத்தை ஷோகேஸில் வைக்கும் முன் அவள் தகப்பனாரைக் கேட்பார்.

போன மாதம் ஓர் அம்மா வந்தார். "எங்கம்மா சடங்குப் படம். புயல் வருஷம்னு சொல்லுவாங்க." கணினியில் எண் வந்தது, படமும் வந்தது. திரைச்சீலைத் தோட்டத்தின் முன்னால், நெத்திச்சுட்டியும் பூஜடையுமாக ஒரு சிறுமி. சந்தேகத்துக்கு ரெஜிஸ்டரையும் புரட்டினேன். கடைசிக் கட்டத்தில் அப்பாவின் கையெழுத்து: 'பாக்கி 3 ரூ.'

அந்த அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று ஒற்றை ரூபாய்க் காசுகளை எண்ணி மேசைமேல் வைத்தார்.

கணினிப் பட்டியலில் பாக்கிக்கென்று நான் கட்டமே போடவில்லை. அன்றிரவு போட்டேன்.