அடிமைமுறையும் சிறுவர் சித்திரப் புத்தகமும்

மனிதரை மனிதர் விலைக்கு விற்ற கொடுமையை ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்குச் சொல்லலாகுமா? பிஞ்சு நெஞ்சம் நடுங்குமே என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் அன்பிற் பிறந்ததே. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாட்டில் அடிமைமுறை நிலவிய நாளிலேயே, அதனை எதிர்த்தோர் சிறுவரை ஒதுக்கினாரல்லர். 1846-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் அடிமை எதிர்ப்பு அரிச்சுவடி ஒன்றை அச்சிட்டு, எழுத்துக்கொரு பாட்டாக அக்கொடுமையை விளக்கினர். எனவே, சொல்வதா என்பதினும் எங்ஙனம் சொல்வது என்பதே நாம் ஆராயத்தக்கது.

சித்திரம் சொல்லினும் விரைந்து குழந்தையின் மனத்திற் பதியும். பொய்ச் சித்திரமும் அவ்வாறே பதியும். 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நாட்டில் வெளிவந்த ஒரு நூலில், ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைச் சமையற்காரராகிய ஹெர்குலிஸ், தம் மகளுடன் புன்முறுவல் பூத்து எஜமானரின் பிறந்தநாளுக்குக் கேக் செய்கிறார். மெய்யான ஹெர்குலிஸோ 1797-இல் அதே எஜமானரின் பிறந்தநாளன்று தப்பி ஓடியவர். அவர் மக்கள் அடிமைகளாகவே நின்றனர். அப்புன்முறுவலைக் காணும் குழந்தை இதனை எங்ஙனம் அறியும்? கண்டனம் எழவே, பதிப்பாளர் அம்மாதமே நூலைத் திரும்பப் பெற்றனர்.

இதற்கு மாறானது, எல்லென் லெவின் எழுத, காதிர் நெல்சன் சித்திரந் தீட்டி, 2007-இல் வெளிவந்த ‘ஹென்றியின் விடுதலைப் பெட்டி’ என்னும் நூல். ஹென்றி பிரவுன் என்னும் அடிமையின் மனைவியும் மக்களும் விற்கப்பட்டனர். 1849-இல் அவர் மூன்றடி நீளமுள்ள மரப்பெட்டிக்குள் தம்மை அடைப்பித்து, ரிச்மண்டிலிருந்து பிலடெல்பியாவுக்குச் சரக்காகச் சென்றார். 27 மணி நேரப் பிரயாணத்தில் பெட்டி தலைகீழாகவும் வைக்கப்பட்டது. தம் பிறந்தநாளையே அறியாத அவர், விடுதலை பெற்ற நாளைப் பிறந்தநாளாகக் கொள்வதோடு கதை முடிகிறது. பிறந்தநாளின் இன்பம் அறிந்த எக்குழந்தைக்கும் இவ்விழப்பு விளங்கும், திகிலூட்டல் வேண்டா.

நாளை ஆசிரியராக அமரவிருக்கும் மாணவ நண்பர்கள் மூன்றினை மனத்திற் கொள்வாராக. முதலாவது, நூலை முன்னரே படித்து, அதன் மெய்ம்மையைச் சோதித்தல். இரண்டாவது, படத்துக்குப் படம் நின்று, குழந்தை கேட்கும் வினாவுக்கு நேரே விடையளித்தல். ஆயின், ஒருவரை எஜமானராகவும் மற்றொருவரை அடிமையாகவும் நடிக்கச் செய்தல் ஆகாது. மூன்றாவது, அடிமைமுறை இயற்கையன்று, மனிதர் வகுத்த சட்டமே. அந்நாட்டில் 1865-ஆம் ஆண்டு அரசியற் சட்டத் திருத்தத்தால் மனிதரே அதனை ஒழித்தனர் என்பதை உணர்த்தல்.

அடிமைப்பட்டோர் வாளாவிருந்தாரல்லர் என்பதை ஹெர்குலிஸும் ஹென்றியும் காட்டுகின்றனர். கொடுமையைக் குழந்தைக்கு மறைப்போமாயின், அதனை எதிர்த்து நின்றவரின் ஆண்மையையும் உடன்மறைத்தவராவோம்.