டிகிரி இல்லாமல் நிரலாளர் ஆகலாமா? ஜொகூர் இளைஞர்களுக்கு என்னென்ன வழிகள்?

எஸ்.பி.எம். முடிவு வந்ததுமே பல வீடுகளில் எழும் முதல் கேள்வி, "அடுத்து எந்த யூனிவர்சிட்டி?" என்பதுதான். பிள்ளைக்குக் கணினியில் ஆர்வம் இருந்தும், தேர்வு முடிவோ வீட்டு வசதியோ கைகொடுக்கவில்லை என்றால், "டிகிரி இல்லாம யாரு வேலை கொடுப்பாங்க?" என்ற கவலையும் சேர்ந்து வரும்.

சுருக்கமான பதில்: டிகிரி இல்லாமலும் நிரலாளர் ஆகலாம், தொழிலும் தொடங்கலாம். ஆனால், "இவருக்கு வேலை தெரியும்" என்று பட்டச் சான்றிதழ் சொல்வதை வேறு ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும். அது என்ன என்பதுதான் விஷயம்.

ஜொகூர் பாருவிலிருந்து நாஸ்டாக் வரை

இதற்கு ஜொகூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஜொகூர் பாருவைச் சேர்ந்த கணேஷ் குமார் பங்கா, சிறு வயதிலேயே தானாக நிரலாக்கம் கற்றவர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாமலேயே தொழிலில் இறங்கினார். அவர் நடத்திய எம்.ஓ.எல். அக்சஸ்போர்ட்டல் நிறுவனம் 2003-இல் மலேசியாவின் மெஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டபோது, தலைமைச் செயல் அதிகாரியான அவருக்கு வயது 23.

அந்த நிறுவனம் தீர்த்த பிரச்சினை மிக எளிமையானது. அப்போது இணைய விளையாட்டு ஆடியவர்களில் பலர் பள்ளி மாணவர்கள். அவர்களிடம் கிரெடிட் கார்டு இல்லை, கையில் ரொக்கம் மட்டும்தான். சைபர் கஃபேயிலும் 7-லெவன் கடைகளிலும் ரொக்கம் கொடுத்து எம்.ஓ.எல். பாயிண்ட்ஸ் வாங்கினால், அதை வைத்து விளையாட்டுக்குப் பணம் கட்டலாம். நிரலாக்க அறிவோடு, பக்கத்துக் கடையில் என்ன நடக்கிறது என்ற புரிதலும் சேர்ந்ததால் உருவான தொழில் அது.

2009-இல் அதே குழுமம் பிரெண்ட்ஸ்டர் சமூக வலைத்தளத்தை வாங்கியது. 2014 அக்டோபரில் எம்.ஓ.எல். குளோபல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்குள் நுழைந்தது. ஆனால் பங்கு விலை முதல் நாளே சரிந்தது. 2016-இல் நிறுவனம் அங்கிருந்து வெளியேறியது. பிறகு 2018-இல் ரேசர் நிறுவனம் எம்.ஓ.எல்-ஐ வாங்கியது. கணேஷ் அடுத்து காமர்ஸ் டாட் ஏசியாவைத் தொடங்கினார். நாட்டின் தகவல் தொழில்நுட்பத் துறைச் சங்கமான பிக்கோமின் தலைவராகவும் இருந்தார்.

இதில் மறந்துவிடக் கூடாத ஒன்று: அவருடைய திறமைக்குப் பின்னால் தொழிலதிபர் தான் ஸ்ரீ வின்சென்ட் தானின் முதலீடும் இருந்தது. "அவர் படிக்காமலேயே ஜெயிச்சாரே, நானும் படிக்க மாட்டேன்" என்று சொல்வது சரியான பாடம் அல்ல. அவர் படிப்பை நிறுத்தவில்லை. படித்த இடம்தான் வேறு.

எங்கே கற்பது?

இன்று தனியாக அறையில் உட்கார்ந்து கற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஜொகூரில் 42 இஸ்கண்டார் புத்ரி இயங்குகிறது. சேவியர் நீல் 2013-இல் பாரிஸில் தொடங்கிய '42' பள்ளி வரிசையில் இதுவும் ஒன்று. விரிவுரையாளர் கிடையாது, கல்விக் கட்டணம் கிடையாது, டிகிரியும் கேட்பதில்லை. மாணவர்கள் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்த்துக் கற்கிறார்கள்.

உள்ளே நுழைவதுதான் கடினம். இணையவழித் தேர்வில் தேறியவர்கள் 'பிசின்' எனப்படும் நான்கு வாரச் சோதனையைத் தாண்ட வேண்டும். பிரெஞ்சு மொழியில் அதற்கு நீச்சல் குளம் என்று பொருள். தண்ணீரில் இறக்கிவிட்டு நீந்தக் கற்றுக்கொள் என்பது போலத்தான் அதுவும். கட்டணம் இல்லை என்றாலும் அந்தக் காலத்துக்கான சாப்பாடு, போக்குவரத்து, தங்கும் செலவை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது நல்லது.

கையில் சான்றிதழே இருக்காதா?

இருக்கும். மலேசியத் திறன் சான்றிதழ் எனப்படும் எஸ்.கே.எம். மூன்று நிலைகளைக் கொண்டது. நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை மேல்நிலை டிப்ளோமா. வகுப்புக்குப் போகாமல், வேலை அனுபவத்தை வைத்தே இதைப் பெற பி.பி.தி. என்ற வழியும் உண்டு. செய்த வேலைகளை ஆதாரங்களோடு கோப்பாகத் தொகுத்துக் காட்ட வேண்டும். மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை இதைக் கவனிக்கிறது. அதனால் முதல் நாளிலிருந்தே செய்த வேலை, வாடிக்கையாளர் கடிதம், பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

சிங்கப்பூரில் வேலை கிடைக்குமா?

ஜொகூர்க்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. சிங்கப்பூரின் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2023 செப்டம்பர் முதல் 'காம்பஸ்' என்ற புள்ளி முறை நடப்பில் உள்ளது. தேர்ச்சிக்கு 40 புள்ளிகள் தேவை. சம்பளம், கல்வித் தகுதி, நிறுவனத்தில் உள்ள ஊழியர்களின் பன்முகத்தன்மை, உள்ளூர் ஊழியர்களுக்கான ஆதரவு ஆகிய நான்கும் அடிப்படை அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 20 புள்ளிகள்.

டிகிரி இல்லை என்றால் கல்விக்குப் பூஜ்யம். ஆனால் மற்றவற்றில் 40 வந்துவிட்டால் அது தடையாகாது. நடைமுறையில் நல்ல சம்பளம் வேண்டும்: 2025 ஜனவரி முதல் பெரும்பாலான துறைகளில் குறைந்தபட்சம் 5,600 சிங்கப்பூர் டாலர், வயது கூடக் கூட அதுவும் உயரும். ஆகவே டிகிரி இல்லாதவர் அங்கே போக முடியாது என்பதும் சரியில்லை, முதல் வேலையே அங்கே கிடைத்துவிடும் என்பதும் சரியில்லை. முதலில் இங்கே அனுபவம் சேர்ப்பதே பலருக்கும் பொருத்தமாக இருக்கும்.

சொந்தமாகத் தொழில் தொடங்க?

இதற்கு யாரும் டிகிரி கேட்பதில்லை. 18 வயது நிரம்பிய மலேசியர், மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்-இல் தனிநபர் வணிகத்தைப் பதியலாம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும்.

செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் என்றால் பதிவுக் கட்டணம் 1,000 ரிங்கிட். 2016 நிறுவனச் சட்டத்தின்படி ஒரே ஒருவர் இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருக்கலாம். தனிநபர் வணிகத்தில் கடன் வந்தால் உங்கள் சொந்தச் சொத்துக்கும் ஆபத்து; செண்டிரியான் பெர்ஹாட்டில் பொதுவாக அப்படி இல்லை. வருமான வரிக்கு 'பி' படிவம், கடைசி நாள் ஜூன் 30. முதலாளி இல்லாததால் இ.பி.எஃப். சந்தாவையும் நீங்களேதான் கட்ட வேண்டும். பலர் கோட்டை விடுவது இதில்தான்.

எங்கே டிகிரி கட்டாயம்?

அரசாங்கத்தில் பட்டதாரிகளுக்கான பதவிகள், பதிவுபெற்ற பொறியாளர் தொழில் போன்றவற்றில் சுயமாகக் கற்றது மட்டும் போதாது. அதுதான் இலக்கு என்றால் பல்கலைக்கழகப் பாதையையே தேடுங்கள்.

நிரலாக்கம்தான் இலக்கு என்றால், பக்கத்தில் உள்ள ஒரு கடைக்கு முன்பதிவுச் செயலியோ சரக்குக் கணக்கு முறையோ செய்து கொடுங்கள். அந்தக் கடைக்காரர் அதைத் தினமும் பயன்படுத்தினால், நேர்முகத் தேர்வில் "என்ன படிச்சிருக்கீங்க?" என்ற கேள்விக்குக் காட்டுவதற்கு உங்களிடம் ஒன்று இருக்கும்.