காலண்டர் அஸ்தமனமும் கறுப்பு மணலும்

நிலக்காட்சி என்றால் நமக்குக் கன்னியாகுமரி அஸ்தமனம். சுவரில் தொங்கும் காலண்டர். அதில் வானம் சிவந்திருக்கும், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. எக்ஸ்பிரஷனிசம் குறுக்கிடுவது இங்கேதான்.

எட்வர்ட் மூங்க்கின் 'அலறல்' (1893) ஓவியத்திலும் அஸ்தமனச் சிவப்புதான். ஆனால் வானத்தின் வளைகோடுகள் நீருக்குள் இறங்கி மனித உருவத்தையும் வளைத்துவிடுகின்றன. நிறம் பொருளின் குணமல்ல, பார்ப்பவரின் நரம்பு. காகங்கள் பறக்கும் வான்கோவின் கோதுமை வயலில் (1890) மஞ்சளும் கருநீலமும் அடுத்தடுத்து நின்று ஒன்றையொன்று தெறிக்கவைக்கின்றன. "வயலு இப்பிடியா இருக்கும் வே?" என்று நம்ம ஊரில் கேட்பார்கள். இருக்காதுதான், ஒரு மனசுக்கு அப்படி இருந்தது.

உணர்ச்சி என்பதாலேயே அது விடுதலையின் பக்கம் நிற்கும் என்று நம்ப வேண்டாம். வடகடலைக் கொதிக்கும் நிறங்களில் தீட்டிய எமில் நோல்டே 1934இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அதே நாஜிகள்தான் 1937இல் அவர் படங்களைச் 'சீரழிந்த கலை' என்று காட்சிக்கு வைத்து இழிவுபடுத்தினார்கள். மண்மீதான பரவசம் 'எங்க மண், எங்க ரத்தம்' என்று சரிய அதிக தூரமில்லை.

சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் நிலக்காட்சிகளில் தொடங்கியவர். 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு நகர்ந்தார். 1966இல் கடலோரத்தில் சோழமண்டலம் கலைக்கிராமத்தை நிறுவினார். சாதனை பெரிது. ஆனால் நவீன ஓவியம் குறியீட்டுக்குள் போனபோது நிலம் காலண்டர்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது என் வாசிப்பு.

நிலத்தை மீட்கத் திணை உதவும் என்று நினைக்கிறேன். நெய்தலின் இரங்கல் ஒரு தனிமனித நரம்பல்ல, பொதுவில் கிடப்பது. தெய்வமும் பறவையும் போலத் தொழிலும் அங்கே கருப்பொருள். தொழிலைக் கழித்துவிட்டால் நிலம் காலண்டராகும், இல்லையென்றால் கொடியாகும்.

மணவாளக்குறிச்சிக் கரையைப் பாருங்கள். கறுப்பு இல்மனைட், சிவப்புக் கார்னெட், தோரியம் கொண்ட மோனசைட். மத்திய அரசு நிறுவனம் இந்த மணலை எடுத்துப் பிரிக்கிறது. ஓவியர் பிதுக்கும் டைட்டானியம் வெள்ளைக்கு இல்மனைட்தான் முக்கிய மூலப்பொருள். மணலை அள்ளினால் கரை என்னாகும் என்பது 2004 சுனாமியில் பிணங்களைப் பார்த்த குளச்சல், கொட்டில்பாடு மக்களுக்கு ரசனைப் பிரச்சினை இல்லை.

இந்தக் கரையைத் தீட்டுகிறவர் என்ன நிறம் வேண்டுமானாலும் எடுக்கட்டும். அது யாருடைய உணர்ச்சி, அந்தச் சாயம் எந்தக் கரையிலிருந்து வந்தது என்ற இரண்டு கேள்விகளையும் படத்துக்குள்ளேயே அவர் சந்திக்க வேண்டும்.