மௌனத்தைப் படிக்கும் நிரல்

ஒரே கணினிக்குள் இரண்டு செஸ் எஞ்சின்கள் ஆடிக்கொண்டிருக்கின்றன. வெள்ளைக்கு ஸ்டாக்ஃபிஷின் பழைய பதிப்பு, கறுப்புக்குப் புதிய பதிப்பு. எதிரே ஓர் ஆட்டக்காரர் இருக்கிறார் என்பதே இரண்டுக்கும் தெரியாது. பூட்டிய இரு அறைகளில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல இரண்டும் தனித்தனி நிரல்களாக ஓடுகின்றன. ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று தொட இயக்க முறைமை விடாது. நடுவில் நிற்பது ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். இந்த அறையில் சொன்ன நகர்த்தலைக் கேட்டு அந்த அறையில் போய்ச் சொல்கிறது, கடிகாரம் பார்க்கிறது, உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் கவனித்துக்கொள்கிறது. எழுதினால் நூறு வரிகூட வராது.

அந்த நூறு வரிகள்தான் பல ஆண்டுகளாக என்னை வியக்கவைக்கின்றன. நிரல் எழுதப் பழகிய நாட்களில், இன்னொரு நிரலைப் பேசவைப்பதுதான் கடினம் என்று நினைத்திருந்தேன். பேசவைப்பது எளிது. அது பேசாமல் இருக்கும்போது அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று கண்டுபிடிப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. மௌனம் சம்மதம் என்பது மனிதர்களுக்குள் செல்லுபடியாகும். நிரலின் மௌனத்துக்கோ நான்கு பொருள் இருக்கலாம். யோசித்துக்கொண்டிருக்கலாம். நம் பதிலுக்காகக் காத்திருக்கலாம். பேசி முடித்திருக்கலாம், பேச்சு வழியில் தங்கியிருக்கலாம். அல்லது செத்துப்போயிருக்கலாம். வெளியே நிற்பவருக்கு நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பேச்சு போகும் வழிக்குப் பெயர் பைப். குழாய்தான். பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் 1964-இல் எழுதிய ஒரு குறிப்பில், தோட்டத்து ரப்பர் குழாய்களைத் திருகி இணைப்பதுபோல நிரல்களையும் ஒன்றோடு ஒன்று இணைக்க வழி வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1973-இல், கென் தாம்சன் அதை யுனிக்ஸில் செய்துகொடுத்தார். ஒரே இரவில் செய்தார் என்று மெக்கில்ராய் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இன்று பைத்தானில் 'சப்ப்ராசஸ்' என்ற தொகுதி இந்த வேலையைச் செய்கிறது. 2004-இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து அது மொழியோடு வருகிறது. நம் ஸ்கிரிப்ட் தொடங்கிவைக்கும் நிரலைப் பிள்ளை நிரல் என்பார்கள். அதைத் தொடங்கும்போது அதற்கு மூன்று குழாய்கள் பொருத்தலாம். நாம் சொல்வது உள்ளே போக ஒன்று, அது சொல்வது வெளியே வர ஒன்று, அது பிழைகளை முறையிட ஒன்று.

குழாய்க்குக் கொள்ளளவு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லினக்ஸில் அது வழக்கமாக 65,536 பைட். யுடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்று எழுத 15 பைட் ஆகிறது. அப்படியானால் குழாய்க்குள் அந்தச் சொல் 4,369 முறை அடங்கும், அதற்கு மேல் அடங்காது. குழாய் நிறைந்ததும் எழுதிக்கொண்டிருக்கும் நிரலை இயக்க முறைமை அப்படியே உறங்கவைத்துவிடும். மறுமுனையில் யாராவது படித்து இடம் விட்டால்தான் எழுப்பும்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். ஸ்கிரிப்ட் பிள்ளைக்கு நீளமாக ஏதோ எழுதிக்கொண்டே இருக்கிறது. பிள்ளை சொல்வதைப் படிக்கவில்லை. பிள்ளையின் குழாய் நிறைகிறது, பிள்ளை உறங்குகிறது. உறங்கும் பிள்ளை தனக்கு வருவதைப் படிக்காது. அதனால் ஸ்கிரிப்ட்டின் குழாயும் நிறைகிறது, ஸ்கிரிப்ட்டும் உறங்குகிறது. இனி ஒன்றை எழுப்ப மற்றொன்று விழித்திருக்க வேண்டும். பிழைச் செய்தி வராது. செயலி சும்மா கிடக்கும்.

பைத்தானின் ஆவணமே இதை எச்சரித்து, 'கம்யூனிகேட்' என்ற வழியைப் பயன்படுத்தச் சொல்கிறது. நல்ல வழிதான். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி, உள்ளே போகும் குழாயை மூடி, பிள்ளை முடித்துக்கொள்ளும்வரை எல்லாவற்றையும் கேட்டுத் தரும். ஆனால் அது கடிதப் போக்குவரத்து: ஒரு கடிதம், ஒரு பதில், கதை முடிந்தது. செஸ் ஆட்டத்தில் நாற்பது முறை, ஐம்பது முறை பேச வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பேச்சும் அதற்கு முன்னால் கேட்டதைப் பொறுத்தது.

நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று இரவு முழுக்க நன்றாக ஓடி, விடியும் முன் நின்றுவிடும். மூன்று நாள் அதே கதை. பிறகுதான் புரிந்தது. பிழைகளுக்கான மூன்றாவது குழாயைப் பொருத்திவிட்டு, அதை ஒருநாளும் படிக்காமல் விட்டிருந்தேன். பிள்ளை நிரல் அவ்வப்போது ஒரு வரி எச்சரிக்கையை அதில் எழுதிவந்தது. சொட்டுச் சொட்டாக அது 65,536 பைட்டை எட்டப் பல மணி நேரம் பிடித்தது. எட்டியதும் பிள்ளை உறங்கிவிட்டது. படிக்க மனமில்லாத குழாயைப் பொருத்தவே கூடாது என்பதை அன்று கற்றேன்.

இதைவிட விசித்திரமான ஒன்று உண்டு. சில நிரல்கள், திரையின் முன் மனிதர் இருக்கிறாரா என்று பார்த்து நடத்தையை மாற்றிக்கொள்ளும். சி மொழியின் வழக்கமான நூலகம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மறுமுனையில் டெர்மினல் இருந்தால் ஒவ்வொரு வரி முடிந்ததும் அனுப்பிவிடும். மறுமுனையில் பைப் இருந்தால், ஒவ்வொரு வரிக்கும் இயக்க முறைமையைக் கூப்பிடுவது வீண் செலவு என்று, சில ஆயிரம் பைட் சேரும்வரை பஃபர் என்ற தன் பையிலேயே வைத்திருக்கும். 1970-களில் கணினி நேரம் விலை உயர்ந்த பொருளாக இருந்தபோது நியாயமான சிக்கனம் அது. அந்தச் சிக்கனத்தால், கையால் ஓட்டினால் உடனே பதில் சொல்லும் நிரல், ஸ்கிரிப்ட்டிலிருந்து ஓட்டினால் வாயே திறப்பதில்லை. பதில் தயாராகிவிட்டது, பிள்ளையின் பைக்குள்ளேயே கிடக்கிறது. நாற்பது பைட் பதில் நாலாயிரம் பைட் துணைக்காகக் காத்திருக்கிறது.

இதற்கு ஒரு தீர்வு, நிரலின் எதிரே மனிதர் இருப்பதாக நம்பவைப்பது. யுனிக்ஸில் போலி டெர்மினல் என்று ஒன்று உண்டு. ஒரு முனையில் அது அசல் டெர்மினல் போலவே நடக்கும், மறுமுனையை நம் ஸ்கிரிப்ட் பிடித்திருக்கும். இதை வைத்து டான் லைப்ஸ் 1990-இல் 'எக்ஸ்பெக்ட்' என்ற கருவியை உருவாக்கினார். அவர் வேலை பார்த்தது அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தில். கடவுச்சொல் கேட்கும் நிரல், 'ஆமாவா இல்லையா' என்று கேட்கும் நிரல், இவற்றுக்கெல்லாம் மனிதருக்குப் பதிலாக அது பதில் சொன்னது. பைத்தானில் அதே யோசனை 'பிஎக்ஸ்பெக்ட்' என்ற பெயரில் கிடைக்கிறது. ஆனால் போலி டெர்மினலுக்கு டெர்மினலின் பழக்கங்களும் உண்டு. தட்டச்சு செய்பவருக்குத் தெரியட்டும் என்று, நாம் அனுப்பியதையே திருப்பி எதிரொலிக்கும். ஸ்கிரிப்ட் தன் சொந்தக் குரலைக் கேட்டு அதையே பதிலாக எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. மனிதரோடு மட்டுமே பேச எழுதப்பட்ட நிரல்களுக்குத்தான் இந்த வழியை நான் வைத்துக்கொள்வேன். நிரலோடு பேச ஒப்புக்கொண்ட நிரலுக்குச் சாதாரணக் குழாயே மேல்.

இதுவரை சொன்னது ஒரு பிள்ளையின் கதை. எட்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்தால் பதினாறு எஞ்சின்கள். ஸ்கிரிப்ட் முதல் எஞ்சினிடம் போய் 'ஒரு வரி சொல்' என்று காத்து நின்றால், மற்ற பதினைந்தும் பேசிவிட்டு நிற்கும். நம் ஊர்ப் பந்தியில் பரிமாறுகிறவர் ஓர் இலையின் முன் நின்று அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வரிசை முழுவதையும் ஒரு கண்ணோட்டத்தில் பார்த்து, எந்த இலை காலி என்று அங்கே குனிகிறார். கணினிக்கு அந்தக் கண்ணோட்டத்தைக் கொடுத்தது 'செலெக்ட்' என்ற அழைப்பு. 1983-இல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி யுனிக்ஸில் அது வந்தது. பதினாறு குழாய்களின் பெயரைக் கொடுத்துவிட்டு ஸ்கிரிப்ட் உறங்கப் போகலாம். எதில் பைட் வந்தாலும் இயக்க முறைமை எழுப்பி, எந்தக் குழாய் என்றும் சொல்லும். பைத்தானின் 'அசிங்க்ஐஓ' இதே யோசனையின் மேல் கட்டியது. கைடோ வான் ராசம் முன்வைத்து, 2014-இல் 3.4 பதிப்பில் சேர்ந்தது. பிள்ளைக்கு ஒரு த்ரெட் என்று பதினாறு காதுகள் வைப்பதும் உண்டு, அதுவும் தவறில்லை.

ஆனால் 'பைட் வந்திருக்கிறது' என்றால் 'பேச்சு முடிந்தது' என்று பொருளில்லை. பாதி வரி வந்திருக்கலாம். பாதி எழுத்தேகூட வந்திருக்கலாம். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 'கி' என்பதில் இரண்டு குறியீடுகள், ஆக ஆறு பைட். குழாயிலிருந்து எடுத்த துண்டு நான்காவது பைட்டோடு நின்றால், கையில் இருப்பது ஒரு 'க'வும், எதற்கும் ஆகாத ஒரு பைட்டும். அதை அப்படியே எழுத்தாக மாற்றச் சொன்னால் பைத்தான் பிழை என்று நிறுத்திவிடும். மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த துண்டோடு சேர்த்துப் படிக்கும் டீகோடர் ஒன்று பைத்தானிலேயே இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆங்கில எழுத்து ஒரே பைட் என்பதால், ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவரின் கண்ணில் இந்தப் பிழை படவே படாது. தமிழில் வேலை செய்கிறவர்கள்தான் இதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாவுக்கு அடையாளம் உண்டு. பிள்ளை நிரல் முடிந்துபோனால் அதன் முனை மூடப்படும். அந்தக் குழாயைப் படிக்கிறவருக்கு 'இனி ஒன்றும் வராது' என்ற செய்தி கிடைக்கும். அதேபோல் நாம் நம் முனையை மூடினால் பிள்ளைக்கும் தெரியும், கிளம்பிவிடும். பல பிள்ளைகள் இருக்கும்போது இதிலும் ஒரு சிக்கல் புகுந்தது. இரண்டாவது பிள்ளை பிறக்கும்போது, தாயின் கையில் திறந்திருந்த எல்லாவற்றுக்கும் ஒரு நகல் அதற்கும் கிடைத்தது. மூத்தவனோடு பேசும் குழாயின் முனையும் அதில் அடக்கம். தாய் தன் முனையை மூடிய பிறகும் தம்பியின் கையில் ஒன்று திறந்திருக்கும். எழுத ஒருவர் இருக்கும்வரை குழாய் மூடியதாகக் கணக்கில்லை. மூத்தவன் வராத சொல்லுக்காகக் காத்துக்கொண்டே இருப்பான். தம்பிக்கோ தன் கையில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பைத்தான் 3.2 பதிப்பு, பிள்ளையைத் தொடங்கும்போது இந்த நகல்களை மூடிவிடுவதை இயல்பாக்கியது. விக்டர் ஸ்டின்னரின் முன்மொழிவின்படி 3.4 பதிப்பு, நிரல் திறக்கும் முனைகள் பிள்ளைகளுக்குப் போகாமலிருப்பதையே இயல்பாக்கியது.

எஞ்சியிருப்பது முதல் இரண்டு மௌனங்கள். யோசிக்கிறதா, எனக்காகக் காத்திருக்கிறதா? குழாயால் இதைச் சொல்ல முடியாது. பேசுகிறவர்கள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். செஸ் உலகம் போட்ட ஒப்பந்தம் நான் கண்டவற்றுள் மிக அழகானது. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் ருடால்ஃப் ஹூபரும், ஷ்ரெடர் எஞ்சினை எழுதிய ஸ்டெஃபான் மேயர்-காலனும் 'யுசிஐ' என்ற பேச்சுமுறையை வெளியிட்டார்கள். எல்லாம் சாதாரண எழுத்து வரிகள். 'கோ' என்றால் எஞ்சின் யோசிக்கத் தொடங்கும், யோசிக்கும்போதே 'இன்ஃபோ' என்று தொடங்கும் வரிகளை அனுப்பும், முடிந்ததும் 'பெஸ்ட்மூவ்' என்று தொடங்கும் ஒரே வரி வரும். அந்தச் சொல் வந்தால் பேச்சு முடிந்தது, இனி உன் முறை. இன்னொரு விதியும் உண்டு. யோசனையில் எவ்வளவு ஆழ்ந்திருந்தாலும் எஞ்சின் காதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். 'இஸ்ரெடி' என்று கேட்டால், யோசனையை நிறுத்தாமலே, உடனே 'ரெடிஓகே' என்று சொல்லியாக வேண்டும்.

வீட்டில் செஸ் ஆடும் பிள்ளை இருந்தால், லேப்டாப் திரையின் ஓரத்தில் ஓர் எண் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யுசிஐ எஞ்சின் என்றால் அது அந்த 'இன்ஃபோ' வரிகளிலிருந்து வருவது. ஸ்டாக்ஃபிஷில் செய்யும் மாற்றங்கள், 2013-இல் கேரி லின்ஸ்காட் தொடங்கிய 'ஃபிஷ்டெஸ்ட்' என்ற ஏற்பாட்டில் சோதிக்கப்படுகின்றன. தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை அதற்குக் கொடுக்கிறார்கள். அங்கே ஓடுவது ஒரு பைத்தான் நிரல். அது ஆட்டம் நடத்தும் நிரலைத் தொடங்குகிறது, அந்த நிரல் எஞ்சின்களைத் தொடங்குகிறது.

ஸ்டாக்ஃபிஷும் இலவசம், பைத்தானும் இலவசம். இன்று மாலை முதலில் கையாலேயே செய்து பாருங்கள். டெர்மினலில் ஸ்டாக்ஃபிஷைத் திறந்து 'கோ இன்ஃபினிட்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். நிறுத்தும்வரை யோசி என்பது அதன் பொருள். வரிகள் ஓடத் தொடங்கியதும் 'இஸ்ரெடி' என்று கேளுங்கள். யோசனை ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த வரிகளுக்கு நடுவில் 'ரெடிஓகே' என்று உங்களுக்கு ஒரு பதில் வரும்.