படம் எப்படி இருக்கிறது, ஸார்?

நண்பர் ஒருவர் தாம் எடுத்த போட்டோவை உங்களிடம் நீட்டுகிறார். "எப்படி இருக்கிறது, ஸார்?" என்று ஆவலோடு கேட்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? "பேஷ்! பிரமாதம்!" என்பீர்கள். அவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் ஒரு வாய் காப்பி நிச்சயம். ஆனால் மனிதர் அடுத்த தடவையும் அதே தப்பைத்தான் செய்வார்!

போட்டோ வகுப்பில் இந்த ஜம்பம் பலிக்காது. அங்கே வாரா வாரம் ஒரு பாடம் கொடுப்பார்கள். எடுத்து வந்த படங்களைக் கொடியில் துணி காயப் போடுவதுபோல் தொங்கவிட்டு, கூடப் படிக்கிறவர்களே குற்றம் குணம் சொல்ல வேண்டும். பத்திரிகைக்காரன் என்ற தைரியத்தில், சென்னையில் அப்படி ஒரு சனிக்கிழமை வகுப்பில் நானும் போய்ச் சேர்ந்தேன்.

முதல் பாடம், 'வேலை செய்யும் கை'. மயிலாப்பூர் குளக்கரையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, பூக்கட்டும் ஒரு கிழவியைப் படம் பிடித்துக்கொண்டு போனேன்.

வகுப்பில் ஒரு விதி உண்டு. படம் எடுத்தவர் ஐந்து நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது.

கல்லூரி மாணவர் ஒருவர், "ரொம்ப ஜோர்!" என்று ஆரம்பித்தார். வாத்தியார் கையமர்த்தினார். "அதெல்லாம் அப்புறம். உன் கண் முதலில் எங்கே போயிற்று? அதைச் சொல்."

மாணவர் தயங்கினார். "சைக்கிளுக்கு, ஸார்."

எந்தச் சைக்கிள்? கிழவிக்குப் பின்னால், இடது ஓரத்தில், ஒரு சைக்கிள் சக்கரம் வெயிலில் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், படம் எடுத்தபோது அது என் கண்ணில் படவே இல்லை!

பாங்கில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள், "இடது பக்கத்தைக் கத்தரித்துவிடலாமே" என்றார். "கூடாது, கூடாது. பூக்கூடையும் போய்விடும். அந்த மூலையைக் கொஞ்சம் இருட்டாக்கினால் போதும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் நான் நின்ற இடமே தப்பு என்று சொல்லிவிட்டார்.

எனக்கு உள்ளே பொங்கியது. வெயிலில் காத்திருந்தது, முதலில் விரட்டிய கிழவி பிறகு தன் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தது, இதெல்லாம் இவர்களுக்கு என்ன தெரியும்? ஐந்து நிமிஷமும் இதையே நினைத்துக் குமைந்தேன். ஆறாவது நிமிஷந்தான் உறைத்தது. அதெல்லாம் என் மனத்தில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை.

இந்த வேதனை பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது. நியூயார்க்கில் 1948-ம் ஆண்டில், ஈவ் ஆர்னால்ட் என்ற பெண்மணி ஒரு ரோலிகார்ட் காமிராவுடன் அலெக்ஸி பிராடோவிச்சின் ஆறு வார வகுப்பில் சேர்ந்தார். பிராடோவிச் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகையின் கலை இயக்குநர், லேசில் திருப்திப்படாதவர். முதல் வகுப்பில் கிடைத்த விமரிசனம் ஆர்னால்டைக் கூனிக் குறுக வைத்தது. வேறொருவராக இருந்தால் காமிராவைப் பரணில் போட்டிருப்பார்! அடுத்த பாடம், நாகரிக உடை அலங்காரம். ஹார்லெமில் கறுப்பு இனப் பெண்கள் தாங்களே நடத்தும் உடை அலங்காரக் காட்சிகளைப் பற்றி, அவர் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட தாதி சொன்னாள். ஆர்னால்ட் அங்கே போனார். அந்தப் படங்களைப் பார்த்த பிராடோவிச், அதையே தொடர்ந்து எடுக்கச் சொன்னார். 1951-ல் லண்டன் 'பிக்சர் போஸ்ட்' அவற்றை வெளியிட்டது. மர்லின் மன்றோவை மனுஷியாகக் காட்டிய படங்கள் பிற்பாடு வந்தவை. 2012-ல், 99 வயதில், அவர் காலமானார்.

சரி, எனக்கு மூன்று பேர் மூன்று வைத்தியம் சொன்னார்களே, எதைக் கேட்பது? வீட்டில் ரசம் வைத்தால் மாமியார் "உப்பு போதாது" என்பார். நாத்தனார் "புளி ஜாஸ்தி" என்பாள். இரண்டு பேர் சொல்வதையும் செய்தால் ரசம் சாக்கடைக்குத்தான். ஆனால் ரசத்தில் ஏதோ கோளாறு என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை, பாருங்கள்! என் படத்திலும் வைத்தியம் மூன்று என்றாலும், எல்லார் விரலும் போய் நின்றது அந்தச் சைக்கிளிடந்தான். வைத்தியத்தை விட்டேன், விரல் காட்டிய இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மறுபடி குளக்கரைக்குப் போனேன். இரண்டு அடி வலப்பக்கம் நகர்ந்து, குனிந்து, கையையும் பூவையும் மட்டும் எடுத்தேன். அச்சுப் போட்டுக் கிழவியிடமே காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"பூவு நல்லாத்தான் இருக்கு, சாமி. ஆனா முழம் சின்னதாத் தெரியுதே! பார்க்கிறவங்க நான் அளவு குறைக்கிறேன்னு இல்லே நினைப்பாங்க?"

அடுத்த சனிக்கிழமை அந்தப் படமும் கொடியில் தொங்கியது. கண் நேரே விரல்களுக்குப் போவதாக எல்லாரும் சொன்னார்கள். வாத்தியார்கூடத் தலையாட்டினார். முழத்தை ஒருவரும் கவனிக்கவில்லை.