எண்ணில் ஏறாத நடை

1956-ஆம் ஆண்டில், அமெரிக்கத் தலைநகரின் பெயரைத் தாங்கிய வாஷிங்டன் செனட்டர்ஸ் என்னும் பேஸ்பால் குழுவில் மூன்றாம் தளத்தைக் காத்துவந்த எட்டி யோஸ்ட் என்பவருடைய மட்டைச் சராசரி .231 என்று கணக்காயிற்று. அந்த ஆட்டத்தில் .300 என்ற எண்ணைத் தொட்டவன் கீர்த்தி பெற்றவன்; .231-இல் நிற்பவனோ, அடுத்த வருஷம் தனக்குக் குழுவில் இடம் இருக்குமா என்று கவலைப்பட வேண்டியவன். ஆனால் அதே வருஷத்தில் அந்த மனிதர், எதிராளி எறிந்த தவறான பந்துகளை ஆசைப்பட்டு அடிக்கப் போகாமல் நிதானமாக விட்டுவிட்டு, 151 முறை முதல் தளத்துக்கு நடந்து சென்றிருக்கிறார். அவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மட்டை பிடிக்க வந்த நூறு தடவைகளில் நாற்பத்தொரு தடவை அவர் அவுட் ஆகாமல் தளத்தை அடைந்திருக்கிறார் என்பது விளங்கும். ஓர் எண் அவரைச் சாதாரண ஆட்டக்காரர் என்றது. மற்றோர் எண் அவரைத் தம் காலத்துச் சிறந்த ஆட்டக்காரர்களின் வரிசையில் நிறுத்தியிருக்கும். அந்த இரண்டாவது எண்ணை அக்காலத்து ரசிகர்கள் கேட்கவில்லை. அதை அச்சிடவேண்டும் என்ற எண்ணமும் பத்திரிகைகளுக்கு எழவில்லை.

பேஸ்பாலைப் பாராதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்வது நலம். பந்தெறிபவர், மட்டை பிடித்தவருக்கு எட்டக்கூடிய ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் பந்தைச் செலுத்த வேண்டும். அந்த எல்லைக்குப் புறம்பாக நான்கு பந்துகளை எறிந்து, மட்டையாளரும் அவற்றைத் தொடாமல் விட்டுவிட்டால், அவர் 90 அடி தூரத்திலுள்ள முதல் தளத்துக்குத் தடையின்றி நடந்து போகலாம். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே ‘நடை’ என்பதுதான். மட்டைச் சராசரி என்பது பந்தை அடித்துத் தளம் சேர்ந்த விகிதம்; நடை அதில் சேராது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆக மொத்தம் 27 அவுட். இந்த 27-தான் குழுவின் முதல். கடிகாரம் இந்த ஆட்டத்தை முடித்துவைப்பதில்லை. கைமுதல் தீர்ந்துபோவதுதான் முடித்துவைக்கிறது. அப்படியிருக்க, அவுட் ஆகாமல் தளத்தை அடைகிறவன் எந்த வழியாக அடைந்தால் என்ன, அவன் குழுவின் முதலைக் காப்பாற்றியவன் ஆகிறான். இவ்வளவு எளிய உண்மை நூறாண்டுகளுக்கு மேல் கண்ணெதிரே இருந்தும் கணக்கேட்டில் ஏறாமற் போனதற்குக் காரணம் என்ன?

காரணம், கணக்கேட்டை வகுத்தவர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர் என்பதே. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரில் 1824-இல் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவின் புருக்ளினில் குடியேறிய ஹென்றி சாட்விக் என்பவர் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிப் பிழைத்தவர். பிறகு பேஸ்பாலிடம் மனத்தைப் பறிகொடுத்து, அதன் புள்ளிவிவர அட்டவணையைச் செம்மைப்படுத்தி, மட்டைச் சராசரியைப் பரப்பி, அந்த ஆட்டத்தின் தந்தை என்னும் பெயரோடு 1908-இல் மறைந்தார். பொதுச் சுகாதாரத்துக்காகப் புள்ளிவிவரங்களைத் திரட்டி இங்கிலாந்து அரசாங்கத்தையே அசைத்த எட்வின் சாட்விக் இவருடைய தந்தையின் மூத்த தாரத்து மகன் என்பதை அறியும்போது, எண்ணிப் பார்க்கும் சுபாவம் அந்தக் குடும்பத்திலேயே ஊறியது போலும் என்று தோன்றுகிறது. கிரிக்கெட்டில் வைட் பந்து எறிந்தால் வரும் ரன் மட்டையாளரின் கணக்கில் சேராது. எக்ஸ்ட்ரா என்று தனியே எழுதப்படும், ஏனெனில் அது பந்தெறிந்தவரின் பிழை. அதே நியாயத்தைச் சாட்விக் பேஸ்பாலின் நடைக்கும் பொருத்திவிட்டார் என்று நினைக்க இடமுண்டு. பிழை பந்தெறிந்தவருடையதானால் புகழ் மட்டையாளருக்கு எப்படிச் சேரும் என்பது அவர் கொள்கை. எத்தனையோ மட்டையாளர்களில் சிலருக்கு மட்டும் ஆண்டுதோறும் அந்தப் ‘பிழை’ நூறு முறை வாய்ப்பானேன் என்ற கேள்வி அவர் மனத்தில் எழவில்லை.

நடுவே 1887-இல் ஒரே ஒரு வருஷம் நடையையும் ஹிட்டாகக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சராசரிகள் வானளாவ உயர்ந்து, டிப் ஓ’நீல் என்பவருக்கு .492 வந்துவிடவே, கூச்சல் கிளம்பி அந்த விதியை அடுத்த வருஷமே கைவிட்டார்கள். அவருடைய சராசரியை இன்று .435 என்று திருத்தி எழுதியிருக்கிறார்கள். பிறகு 1916-இல் எஃப். சி. லேன் என்னும் பத்திரிகாசிரியர் மட்டைச் சராசரியின் மீதே வழக்குத் தொடுத்தார். ஒரு தளத்துக்கான அடியையும் நான்கு தளங்களைச் சுற்றிவரச் செய்யும் ஹோம் ரன்னையும் ஒன்றென்றே எண்ணுவது, சட்டைப்பையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்டால் பன்னிரண்டு நாணயம் இருக்கிறது என்று பதில் சொல்வதற்கு ஒப்பாகும் என்பது அவர் வாதம். வாதம் சரிதான், கேட்பார் இல்லை.

கேட்டவர் ஒருவர் பின்னால் வந்தார். கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சனை 1947-இல் புருக்ளின் டாட்ஜர்ஸ் குழுவில் ஆடச்செய்து, பெரும் பேஸ்பால் லீக்குகளின் நிறவெறிச் சுவரை இடித்த பிராஞ்ச் ரிக்கி, அதே ஆண்டில் மான்ட்ரியலைச் சேர்ந்த ஆலன் ராத் என்னும் இளைஞரைக் குழுவின் புள்ளிவிவர உத்தியோகஸ்தராக அமர்த்திக்கொண்டார். முழுநேரமும் எண்களோடு வாழ்வதற்கென்றே ஒரு குழு சம்பளம் கொடுத்து ஆள் வைத்தது அதுதான் முதல் தடவை. பிறப்பின் நிறத்தைப் பாராமல் ஆட்டத்தைப் பார்க்கத் துணிந்த கண்ணும், பரம்பரைச் சராசரியைப் பாராமல் தளம் சேரும் விகிதத்தைப் பார்க்கத் துணிந்த கண்ணும் ஒரே மனிதருடையவை என்பதை நான் தற்செயலாக எண்ணுவதில்லை. பிற்பாடு கனடாவில் ராணுவத் திட்ட ஆராய்ச்சி செய்துவந்த ஜார்ஜ் லிண்ட்ஸே, தம் தந்தையாரின் உதவியோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் நிகழ்ச்சிகளை ஒன்றுவிடாமல் குறித்துத் தொகுத்து, 1963-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தளங்களில் ஆள் நிற்கக்கூடிய எட்டு நிலைகளையும் அவுட்டின் மூன்று நிலைகளையும் பெருக்கினால் 24 நிலைமைகள் ஏற்படும். ஒவ்வொரு நிலைமையிலிருந்தும் அந்த இன்னிங்ஸில் சராசரியாக எத்தனை ரன் விளையும் என்பதை அவர் கணித்துக் காட்டினார். ஒருவரும் அவுட் ஆகாமல் முதல் தளத்தில் ஆள் நின்றால் சுமார் 0.8 ரன் எதிர்பார்க்கலாம்; ஓர் அவுட்டைத் தியாகம் செய்து அவரை இரண்டாம் தளத்துக்கு நகர்த்தினாலோ அது சுமார் 0.7 ஆகக் குறைந்துவிடும். தலைமுறை தலைமுறையாக மேலாளர்கள் விவேகமென்று போற்றிய ஒரு தந்திரம் பெரும்பாலும் நஷ்டக்கணக்கு என்பது அந்தச் சிறு அட்டவணையில் வெளியாயிற்று. இவ்வகைக் கணிதத்தை வளர்த்த பீட் பாமர் 1984-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு தள அடிக்கு .46 ரன், ஹோம் ரன்னுக்கு 1.40 ரன், நடைக்கு .33 ரன் மதிப்பு. சாட்விக் சூன்யம் என்று வைத்தது, ஓர் ஒற்றைத் தள அடியில் ஏறக்குறைய முக்கால் பங்கு பெறுமானமுள்ளதாக இருந்திருக்கிறது.

இந்த ஞானத்தைப் பாமரரும் படிக்கும்படி எழுதியவர் பில் ஜேம்ஸ். கான்ஸஸ் மாநிலத்தில், பன்றியிறைச்சியும் அவரையும் தகரப் பெட்டிகளில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல் வேலை பார்த்துக்கொண்டு, நீண்ட இரவுகளில் பத்திரிகை அட்டவணைகளைக் கூட்டியும் பெருக்கியும் 68 பக்கத்தில் ஒரு புத்தகம் தயாரித்து 1977-இல் தாமே விற்றார். விலைபோனவை 75 பிரதிகள். அவர் எழுப்பிய கேள்விகள் குழந்தையின் கேள்விகள் போன்று நேரானவை. பந்தைத் தவறவிட்டால் தடுப்பாளருக்குப் பிழை எழுதுகிறீர்களே, பந்து வரும் இடத்துக்கே ஓடிச்சேர முடியாத மந்தமான தடுப்பாளருக்குப் பிழையே எழுதப்படுவதில்லையே, அப்படியானால் உங்கள் பிழைக்கணக்கு யாரைத் தண்டிக்கிறது என்று அவர் கேட்டார். வேகமாக ஓடிப் பந்தை நெருங்கியவனுக்கே அவப்பெயர் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. பழைய அளவுகோலின் அநீதியை இவ்வளவு தெளிவாக எடுத்துக்காட்டிய வேறொரு உதாரணத்தை நான் அறியேன்.

எழுத்திலிருந்த இந்தச் சாஸ்திரம் களத்துக்கு வந்த கதை பிரசித்தமானது. கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் குழுவின் பொது மேலாளராக 1998 முதல் இருந்தவர் பில்லி பீன். அவரே இளமையில் தோற்றத்தையும் வேகத்தையும் கண்டு நிபுணர்கள் மயங்கி முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்டக்காரர், களத்தில் .219 சராசரியோடு அந்த வாழ்க்கை முடிந்தது. கண்ணை நம்பினால் எப்படி ஏமாறலாம் என்பதைத் தம் உடம்பிலேயே அநுபவித்த ஒருவர் எண்ணை நாடியதில் வியப்பில்லை. 2001 முடிவில் ஜேசன் ஜியாம்பி முதலிய மூன்று முக்கிய ஆட்டக்காரர்களைப் பணக்காரக் குழுக்கள் கவர்ந்துகொண்டன. ஓக்லண்டின் சம்பளப் பட்டியல் சுமார் 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸின் பட்டியல் சுமார் 12½ கோடி டாலர். பிறர் விலை மதிக்காத குணம் எதுவோ அதைத்தான் ஏழை வாங்க முடியும். அப்போது விலை மதிக்கப்படாமல் கிடந்த குணம், யோஸ்டிடம் இருந்த அதே குணம்.

அப்படி வாங்கப்பட்டவர்களில் ஒருவர் ஸ்காட் ஹாட்டெபர்க். மட்டையாளருக்குப் பின்னே அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக இருந்தவர். முழங்கையில் நரம்பு கெட்டுப் பந்தை எறியும் சக்தியை இழந்ததால் அந்தத் தொழிலுக்கு உதவாதவர் ஆகிவிட்டார். ஆனால் நல்ல பந்தையும் தவறான பந்தையும் பிரித்தறியும் கண் கெடவில்லையே! அவரை முதல் தளத்தில் நிறுத்திப் புதுத் தொழில் பழக்கினார்கள். அந்த 2002-ஆம் ஆண்டு அவர் சராசரி .280, தளம் சேர்ந்த விகிதம் .374. செப்டம்பர் 4-ஆம் தேதி, தொடர்ந்து 20-ஆவது வெற்றியை நாடிக் கான்ஸஸ் சிட்டி குழுவோடு ஓக்லண்ட் ஆடியபோது, 11-0 என்றிருந்த முன்னிலை கரைந்து கரைந்து 11-11 ஆகிவிட்டது. ஒன்பதாவது இன்னிங்ஸில் மாற்று ஆளாக ஹாட்டெபர்க்கை அனுப்பினார்கள். பொறுமைக்காக வாங்கப்பட்ட அந்த மனிதர் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். அந்தப் பருவத்தில் ஓக்லண்டின் வெற்றிகள் 103. மூன்று மடங்கு செலவு செய்த யாங்கீஸின் வெற்றிகளும் 103.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. மைக்கேல் லூயிஸ் 2003-இல் எழுதிய ‘மனிபால்’ என்னும் புத்தகத்தாலும், 2011-இல் வந்த திரைப்படத்தாலும், ஓக்லண்டின் வெற்றி முழுவதும் மலிவாக வாங்கிய ஆட்டக்காரர்களால் விளைந்தது என்ற அபிப்பிராயம் பரவியிருக்கிறது. ஆனால் ஹட்ஸன், மல்டர், ஸீட்டோ என்ற மூன்று அபூர்வமான பந்தெறிபவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஸீட்டோ அவ்வாண்டின் சிறந்த பந்தெறிபவருக்கான சை யங் பரிசைப் பெற்றவர். லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதைப் பெற்ற மிகேல் தெஹாதாவோ நடைக்காகக் காத்திருக்கும் பொறுமை இல்லாதவர். எண்கள் செய்த உபகாரம், நல்ல அஸ்திவாரத்தின் மேல் மலிவாகக் கட்டடம் எழுப்பியதேயன்றி அஸ்திவாரத்தையே போட்டதன்று. தவிர, அந்த அனுகூலம் நெடுநாள் நீடிக்கவுமில்லை. ஜான் ஹேக்ஸ், ரேமண்ட் சாயர் என்னும் இரு பொருளாதார நிபுணர்கள் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெற்றிக்கு உதவும் அளவுக்கேற்பத் தளம் சேரும் திறமைக்கு ஊதியம் கிடைக்கவில்லை என்பதும், 2004-இல் அந்தக் குறை சந்தையிலேயே தீர்ந்துவிட்டது என்பதும் நிரூபணமாயின. ரகசியம் தெரிந்த மாத்திரத்தில் விலை ஏறிவிட்டது. பில் ஜேம்ஸை ஆலோசகராக அமர்த்திக்கொண்ட பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழு, 1918-க்குப் பிறகு அடையாத உலகப் பட்டத்தை அந்த 2004-இலேயே அடைந்தது.

இன்று ஆட்டக்காரனின் பெறுமானத்தை ஒரே எண்ணில் அடக்க முயல்கிறார்கள். எந்தக் குழுவும் குறைந்த சம்பளத்தில் எளிதாகக் கொண்டுவரக்கூடிய ஒரு சாதாரண மாற்று ஆள் அந்த இடத்தில் ஆடியிருந்தால் வந்திருக்கும் வெற்றிகளைவிட, இவரால் எத்தனை வெற்றி அதிகம் என்பதே அந்த எண்ணின் பொருள். அதற்கு ‘வார்’ என்று பெயர். மட்டைவீச்சு, ஓட்டம், தடுப்பு யாவற்றையும் ரன்களாக மாற்றி, ஏறக்குறைய பத்து ரன்களுக்கு ஒரு வெற்றி என்று கணிக்கிறார்கள். 2012-இல் மிகேல் கப்ரேரா சராசரி, ஹோம் ரன், பிறரை ரன் எடுக்கச் செய்தல் ஆகிய மூன்றிலும் லீக்கில் முதலிடம் பெற்றார். 1967-க்குப் பின் ஒருவரும் எட்டாத சிகரம் அது. ஆனால் புதிய கணக்கு அவருக்குச் சுமார் 7 வெற்றியும், நடுக்களத்தில் பறந்து பறந்து பந்தைத் தடுத்த மைக் டிரவுட் என்னும் புதுமுக இளைஞருக்கு 10-க்கு மேலும் மதிப்பிட்டது. மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதுக்கு வாக்களித்த பத்திரிகையாளர் 28 பேரில் 22 பேர் கப்ரேராவையே முதலாவதாகத் தேர்ந்தார்கள். அவர்கள் தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. அடிக்கும் கையைப் போலவே ஓடும் காலும் ரன்னைத் தருகிறது அல்லது தடுக்கிறது. ஆயினும் ‘வார்’ எண்ணையே வேதவாக்காகக் கொள்வாரோடும் என்னால் சேர முடியவில்லை. ஒரே ஆட்டக்காரருக்கு ஒரு நிறுவனத்தின் கணக்கில் ஓர் எண்ணும், மற்றொன்றின் கணக்கில் வேறோர் எண்ணும் வருகின்றன, அதிலும் தடுப்பாட்டத்தின் மதிப்பீட்டில் வேறுபாடு மிகுதி. அப்படிப்பட்ட மதிப்பீட்டின் மேல் மனிதனின் கூலி நிற்கிறது என்பதுதான் கவலைக்குரியது. 2022-இல் ஆட்டக்காரர் சங்கமும் உரிமையாளர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இளம் ஆட்டக்காரர்களுக்கென ஆண்டுதோறும் ஒதுக்கிய 5 கோடி டாலர் ஊக்கத்தொகையில் பெரும்பகுதி இவ்வகை எண்ணைக்கொண்டே பங்கிடப்படுகிறது.

கிரிக்கெட் ரசிகர்களுக்குப் பழக்கமான ‘ஹாக்-ஐ’ காமிராக்கள் 2020 முதல் பேஸ்பால் மைதானங்களிலும் ஏறி அமர்ந்து, அடிபட்ட பந்தின் வேகத்தையும் கோணத்தையும் தடுப்பாளர் வைக்கும் முதல் அடியின் திசையையும் பதிவு செய்கின்றன. தடுப்பாளர் ஓடிச்சேர்ந்த தூரத்தை அளக்க வழியில்லை என்று பில் ஜேம்ஸ் தவித்த காலம் போய்விட்டது.

யோஸ்ட் 1962-இல் ஓய்வு பெற்றபோது அவருடைய மொத்தச் சராசரி .254. நடைகளோ 1,614, பேப் ரூத், டெட் வில்லியம்ஸ், மெல் ஆட் ஆகிய மூவரைத் தவிர அதுவரை அவரை விஞ்சியவர் ஒருவரும் இல்லை. அந்த மூவரும் கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள புகழ்மண்டபத்தில் இருக்கிறார்கள். யோஸ்டுக்கு அங்கே இடமில்லை. தளம் சேரும் விகிதத்தை 1984-இல் அதிகாரபூர்வமான கணக்கில் சேர்த்துக்கொண்டபோது அவர் மட்டையை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. கப்ரேராவா, டிரவுட்டா என்று நாடே வாதாடிக்கொண்டிருந்த 2012 அக்டோபரில், தம் 86-ஆம் வயதில் அவர் காலமானார். ஒரு நடைக்கு 90 அடி வீதம் கூட்டிப் பார்த்தேன்: மட்டையைக் கீழே வைத்துவிட்டு அவர் முதல் தளத்துக்கு நடந்த தூரம் 1,45,260 அடி, அதாவது சுமார் 44 கிலோமீட்டர்.