கடல் கடந்த வோட்டு

அயல்நாட்டில் வசிக்கும் நம்மவர்களுக்கு அபிப்பிராயப் பஞ்சம் ஒருநாளும் கிடையாது. துபாயிலுள்ள அன்பர் ஒருவர் அரிசி விலையிலிருந்து மந்திரிகளின் பிரசங்கம் வரையில் அலசித் தீர்த்துவிடுகிறார். மாமியார் வீட்டுத் தெருக் குழாயில் தண்ணீர் வராத செய்தி நமக்கு முன்பே அவருக்கு எட்டிவிடுகிறது! "அங்கே இருந்துகொண்டு இவருக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. மாதந்தோறும் பணம் அனுப்பிக் குடும்பத்தைத் தாங்குகிறவருக்குத் தேச க்ஷேமத்தில் பாத்தியதை இல்லாமற் போகுமா?

சட்டமும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2010-ல் செய்த திருத்தத்தின்படி, அந்நிய நாட்டுப் பிரஜையாகிவிடாத இந்தியர், பாஸ்போர்ட்டில் கண்ட ஊரில் வோட்டராகப் பதிந்துகொள்ளலாம். வோட்டுப் போடவோ நேரில் வந்தாக வேண்டும். ஆக, ஒரு வோட்டின் விலை ஒரு விமான டிக்கெட்டு! பதிலாள் மூலம் வோட்டளிக்க வகை செய்யும் மசோதா 2018-ல் லோக்சபையில் நிறைவேறியது. ராஜ்யசபையைத் தாண்டுமுன், 2019-ல் லோக்சபை கலையவே, மசோதாவும் காலாவதியாயிற்று. 2024 தேர்தலில் பதிந்திருந்தவர் சுமார் 1,19,000 பேர். வந்து வோட்டளித்தவர் 3,000 பேர்கூட இல்லை.

பதிலாள் முறையில் சூது புகலாம் என்ற ஆட்சேபத்தை நாமும் மதிக்கிறோம். ஆனால், சைனியத்தாருக்கு வோட்டுச் சீட்டை மின்னணு வழியே அனுப்பித் தபாலில் திரும்பப் பெறும் ஏற்பாடு இருக்கிறதே! அதையே இவர்களுக்கும் அளிக்கலாம் என்று தேர்தல் கமிஷன் 2020-ல் ஸர்க்காருக்கு எழுதிற்று. அந்த யோசனையையாவது தூசி தட்டி எடுக்கலாகாதா?